அரண்மனைக்குள் நுழைந்தோம், திண்ணையை ஏன் இடிக்கிறோம்?

தோழர்களே!

கோட்டைப்பட்டினம்! சொல்லும்போதே கோட்டையும் வருகிறது, பட்டினமும் வருகிறது. ஒரு பெயருக்குள் இரண்டு பெருமை! பாக் நீரிணையின் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில், வலையும் படகும் மீன்கூடையுமாக விடிகிற ஊர். ராவுத்தர் அப்பா தர்காவை நாடிப் பல ஊர் மக்களும் வந்து கூடுகிற ஊர். கடலுக்குப் போனவரை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றது என்ற செய்தி கேட்டு, தாய்மார் பலமுறை கரையிலே நின்று கண்ணீர் சிந்திய ஊர். அந்த ஊரின் தெரு ஒன்றில் அண்மையில் நான் கண்ட காட்சியைச் சொல்லித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

பழைய வீடொன்று இடிபட்டுக் கொண்டிருந்தது. ஓடுகள் இறங்கிவிட்டன. உத்திரங்கள் தெருவில் கிடந்தன. தூண்கள் நான்கும் லாரியில் ஏறிவிட்டன. நிலையும் கதவும் தங்கள் முறைக்குக் காத்திருந்தன. வீட்டுக்கு உரிமை உடையவர்கள் பலர். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் வளைகுடாவில். விலை பேசி முடித்தவரோ வெளியூர் வணிகர். இளைஞர் ஒருவர் கடப்பாரையை ஓங்கிச் சுவரில் குத்தினார். கடப்பாரை துள்ளியது, சுவர் அசையவில்லை! எதிர்த் திண்ணையில் அமர்ந்திருந்த முதிய கொத்தனார் சிரித்தார். அது மகிழ்ச்சிச் சிரிப்பு அன்று.

“பார்த்துக் குத்து, தம்பி. அது கிளிஞ்சல் சுண்ணாம்பு. பிடித்தால் லேசில் விடாது” என்றார்.

என்னுடன் வந்திருந்தவர் நமது இளம் தோழர். துடிப்பு மிக்கவர். மெல்லக் கேட்டார்: “பழைய வீடு, இடிக்கிறார்கள். இதற்கு ஏன் ஐயா முகம் வாடுகிறீர்கள்? பழமையை இடித்துப் புதுமையைக் கட்டத்தானே நாம் பொதுவாழ்வுக்கு வந்தோம்? இப்படிப்பட்ட பெரிய வீட்டுத் திண்ணைகளில் என் பாட்டனை உட்கார விட்டிருப்பார்களா? அவர் கால் படாத இடத்தை நான் ஏன் காப்பாற்ற வேண்டும்?”

தோழர்களே, கேள்வி கூர்மையானது. அதைவிட, நேர்மையானது. உங்களில் பலர் மனத்திலும் இக்கேள்வி இருக்கும். மழுப்பக் கூடாது. ‘கலை’ என்றும் ‘பண்பாடு’ என்றும் இரண்டு சொற்களை உதிர்த்துவிட்டு நழுவக் கூடாது. நேர்மையான கேள்விக்கு நேர்மையான விடை வேண்டும். அதைத் தேடித்தான் இந்தக் கட்டுரை.

நமது எதிரி எது? செங்கல்லா? சுண்ணாம்பா? தேக்கு உத்திரமா? இல்லை! ‘நீ உள்ளே வராதே’ என்று சொன்ன நாக்குதான் நமது எதிரி. அந்த நாக்கை அசைத்த அதிகாரம்தான் நமது எதிரி. திண்ணையா சொன்னது, ‘விலகி நில்’ என்று? மனிதன் சொன்னான். திண்ணையை இடித்தால் அந்த மனிதன் திருந்திவிடுவானா? திண்ணை இல்லாத வீட்டைக் கட்டிக்கொண்டு, இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு, உள்ளே அமர்ந்து அதையே சொல்வான்! இடித்தது திண்ணை, பிழைத்தது தீண்டாமை. இதுவா வெற்றி?

வெற்றி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? வெகுதூரம் போக வேண்டாம். நமது மாவட்டத் தலைநகருக்கே வாருங்கள்.

புதுக்கோட்டையை ஆண்டவர்கள் தொண்டைமான்கள். அந்தச் சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, மன்னர் குடும்பத்துக்கென எழுந்தது புதிய அரண்மனை. பரந்த நிலப்பரப்பின் நடுவே கல்லால் எழும்பிய மாளிகை. வரி கொடுத்த உழவன் அதன் வெளியே நின்றான். கல் சுமந்த கூலியாள் வேலை முடிந்ததும் வெளியேறினான். அது மன்னருக்கு உரியது; மக்களுக்கு எட்டாதது.

பிறகு 1974 வந்தது. சனவரி 14, பொங்கல் நாள். திருச்சி மாவட்டத்திலும் தஞ்சை மாவட்டத்திலும் இருந்து பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது. அறந்தாங்கி வட்டம் தஞ்சையை விட்டு இங்கே வந்தது. அதோடு நமது கோட்டைப்பட்டினமும் வந்தது. புதிய மாவட்டத்துக்கு அலுவலகம் வேண்டுமே! அரண்மனை அரசின் கைக்கு வந்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அதற்குள் குடிபுகுந்தது.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அரண்மனையை இடித்திருக்கலாம். ‘மன்னராட்சியின் சின்னம், தரைமட்டமாக்கு!’ என்று முழங்கியிருக்கலாம், கைதட்டலும் கிடைத்திருக்கும். அல்லது வேறொரு வழியும் இருந்தது. வேலி போட்டு, சீட்டு விற்று, ‘மன்னர் படுத்த கட்டில் இது, மன்னர் பிடித்த வாள் இது’ என்று காட்டிக் கொண்டிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. மூன்றாவது ஒன்று நடந்தது. கட்டடம் நின்றது; அதன் பொருள் மாறியது!

இன்று திங்கட்கிழமை தோறும் அங்கே குறைதீர்க்கும் நாள். பட்டா கேட்டு வருகிறார் உழவர். முதியோர் உதவித்தொகை கேட்டு வருகிறார் கைம்பெண். சிறையில் வாடும் கணவனை மீட்டுத் தாருங்கள் என்று மீனவப் பெண் மனுவோடு வருகிறார். எந்த வாயிலின் வெளியே அவர்களது பாட்டன் கைகட்டி நின்றானோ, அந்த வாயிலின் உள்ளே நிமிர்ந்து நடக்கிறார்கள் பேத்திகள். இடித்திருந்தால் இந்தக் காட்சி ஏது? அரண்மனையை இடிப்பதைவிட அரண்மனைக்குள் நுழைவது பெரிய புரட்சி அல்லவா?

இதைத்தான் அந்த இளம் தோழரிடம் சொன்னேன். உங்கள் பாட்டன் உட்கார முடியாத திண்ணையை இடிக்காதீர்கள். அதிலே உங்கள் பேரப்பிள்ளைகளை உட்கார வையுங்கள். புத்தகத்தோடு உட்கார வையுங்கள்!

அடுத்து, யார் கட்டியது என்று கேட்போம். பெரிய வீடு என்றதும் அதன் முதலாளியின் பெயரையே நினைக்கிறோம். முதலாளி கட்டினாரா? காசு கொடுத்தார், அவ்வளவுதான். கட்டியவர் கொத்தனார். மரத்தை இழைத்தவர் ஆசாரி. கிளிஞ்சல் பொறுக்கிச் சூளையில் சுட்டவர் கரையோரத்து ஏழை. சுண்ணாம்பையும் மணலையும் சேர்த்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் விட்டு, அரைத்து அரைத்துக் காரை ஆக்கியவள் சித்தாள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் விட்டுச் சென்ற ஒரே கையெழுத்து அந்தச் சுவர். உழைப்பாளியின் பெயரால் அரசியல் நடத்தும் நாம், உழைப்பாளியின் கையெழுத்தை அழித்துவிட்டு எங்கே போய் அவனைத் தேடுவது?

அந்தக் கைத்திறனில் அறிவும் இருந்தது. கடலோரக் காற்று உப்புக் காற்று. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை அது சும்மா விடுவதில்லை. உப்பு உள்ளே புகுந்ததும் கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த இரும்பு பல மடங்கு பருக்கிறது. பருத்ததும் கான்கிரீட்டைப் பிளக்கிறது. கடல் மணலைக் கழுவாமல் கலந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், வெளியே இருந்து வரவேண்டிய பகைவனை நாமே உள்ளே வைத்துக் கட்டியதாகும்! கரையோர ஊர்களில் நேற்றுக் கட்டிய மாடி முகப்புகள் இன்று கம்பி தெரிய நிற்பதை நீங்கள் பார்த்ததில்லையா? காரைச் சுவரில் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும். வெயில் அடித்ததும் விடும். சுவர் மூச்சுவிடுகிறது என்று கொத்தனார் சொல்வது வெறும் கதையன்று.

பழைய வீடுகள் எல்லாம் தேவலோகம் என்று நான் சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது நமது மாவட்டம் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஓடுகள் இலைகளாய்ப் பறந்தன. கூரைகள் சரிந்தன. காற்றும் ஒளியும் எட்டாத இருட்டறைகள் பழைய வீடுகளில் உண்டு. கழிப்பறையே இல்லாத வீடுகள் உண்டு. பெண்கள் புகைக்குள் வெந்த அடுக்களைகள் உண்டு. அவற்றை அப்படியே வைத்திருங்கள் என்று யார் சொன்னாலும் நான் முதலில் எதிர்ப்பேன். காப்பது என்றால் உப்புப் போட்டு ஊறுகாயாக வைப்பது அன்று. இருட்டறைக்குச் சன்னல் வையுங்கள். கழிப்பறை கட்டுங்கள். மின்விளக்குப் போடுங்கள். முதியவர் ஏறச் சாய்தளம் அமையுங்கள். ஓட்டைப் புயலுக்குத் தாங்குமாறு இறுக்கிக் கட்டுங்கள். முதுகெலும்பை முறிக்காமல் உடையை மாற்றுங்கள்! ஒரு கட்டடம் வாழ வேண்டுமானால் அது காலத்தோடு மாற வேண்டும். உண்மையிலேயே விழும் நிலையில் உள்ளது, முட்டுக்கொடுத்தும் நில்லாது என்றால், மனித உயிரைவிட எந்தச் சுவரும் பெரிதன்று. அதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் நடப்பது என்ன? விழும் என்பதற்காக இடிப்பது கொஞ்சம். விலை கிடைக்கும் என்பதற்காக இடிப்பது மிகுதி! நமக்குப் பக்கத்திலேயே செட்டிநாடு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940 வரையில், பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருள் கொண்டு எழுந்த மாளிகைகள் அங்கே தெருத் தெருவாக உண்டு. கப்பலில் வந்த பர்மாத் தேக்கு, ஆத்தங்குடியின் கையால் வார்த்த தரைக்கல், கண்ணாடி போல் வழவழக்கும் சுவர்ப்பூச்சு எல்லாம் அங்கே உண்டு. உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014ஆம் ஆண்டு செட்டிநாட்டு ஊர்களும் சேர்ந்தன. அதே செட்டிநாட்டின் காரைக்குடியிலே பழம்பொருள் கடைகளின் தெருவும் இருக்கிறது. ஒரு மாளிகை இடிந்தால் அதன் தூண் ஒரு நகரத்துக்குப் போகிறது. கதவு இன்னொரு நாட்டுக்குப் போகிறது. உறுப்பு உறுப்பாக விற்கப்படுகிறது ஊர்! அந்த லாரிதான் இன்று கோட்டைப்பட்டினத்துத் தெருவிலும் நிற்கிறது.

‘சட்டம் இல்லையா?’ என்று கேட்பீர்கள். உண்டு. மைய அரசின் தொல்லியல் சட்டம் 1958ஆம் ஆண்டிலிருந்து உண்டு. மாநிலத்தின் சட்டம் 1966ஆம் ஆண்டிலிருந்து உண்டு. மாநில மரபு ஆணையம் அமைக்க 2012ஆம் ஆண்டில் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. அந்த ஆணையமோ பல ஆண்டுகள் ஏட்டளவில் உறங்கியது. நமது மாவட்டத்தில் திருமயம் கோட்டைக்குக் காவல் உண்டு. சித்தன்னவாசல் ஓவியத்துக்குக் காவல் உண்டு. நல்லதுதான். ஆனால் சாதாரணத் தெருவுக்கு? மீனவர் வாழும் சந்துக்கு? ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கட்டடத்துக்கு? வழிப்போக்கர் தங்கிய சத்திரத்துக்கு? திருமயத்துக் கோட்டைக்குக் காவல். கோட்டைப்பட்டினத்துத் தெருவுக்குக் காவல் இல்லை! மன்னன் கட்டியதைச் சட்டம் பார்க்கிறது. மக்கள் வாழ்ந்ததை அது பார்ப்பதில்லை.

காவல் இருக்கும் இடத்திலும் ஏழைக்குத் தொல்லை இல்லாமல் இல்லை. மைய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கியே கட்ட வேண்டும். 2010ஆம் ஆண்டுத் திருத்தம் இதை இறுக்கியது. நோக்கம் நல்லது. ஆனால் கோயில் மதிலை ஒட்டித் தலைமுறையாகக் குடியிருக்கும் ஏழை, மகளின் திருமணத்துக்கு முன்பு ஓர் அறை கட்ட நினைத்தால் தில்லிக்குக் கட்டுப்பட்ட அலுவலகத்தின் படியேற வேண்டும். ‘மரபு’ என்ற சொல்லைக் கேட்டாலே அவன் வெறுப்பானா, மாட்டானா? மறுபக்கம், செட்டிநாட்டு மாளிகைகள் சில விடுதிகளாகிவிட்டன. கட்டடம் பிழைத்தது, மகிழ்ச்சி! ஆனால் ஒரு நாள் வாடகை, அந்த ஊர்க் கூலியாளின் பல நாள் கூலி. அவன் கட்டிய முற்றத்தில் அவனுக்கு இடமில்லை. அப்படியானால், இடிபட்டால் வணிகருக்கு, காக்கப்பட்டால் செல்வருக்கு என்பதுதான் நியதியா? மக்களுக்கு என்று ஒரு வழி இல்லையா?

உண்டு, தோழர்களே! அதற்கு உலகமே சான்று.

இத்தாலி நாட்டிலே போலோஞா என்றொரு நகரம். பொதுவுடைமைக் கட்சியார் நகராட்சியை நடத்திய ஊர். போருக்குப் பிறகு, பழைய நகரின் நடுப்பகுதி சிதைந்து கிடந்தது. அங்கே குடியிருந்தவர்கள் உழைப்பாளிகள், முதியவர்கள், மாணவர்கள். இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பியிருக்கலாம். அல்லது செப்பனிட்டு, வாடகையை உயர்த்தி, ஏழையை வெளியே தள்ளியிருக்கலாம். போலோஞா அப்படிச் செய்யவில்லை. பழைய நகரைச் செப்பனிடும் பணியையே உழைப்பாளர் வீட்டுவசதித் திட்டமாக 1973ஆம் ஆண்டில் வகுத்தது. வீட்டைக் காப்போம், அதில் குடியிருப்பவரையும் காப்போம்: இதுதான் அந்தத் திட்டத்தின் உயிர்நாடி. வீடுகளைக் கையகப்படுத்த முதலில் எண்ணினார்கள், எதிர்ப்புக் கிளம்பியது. அதன்பின் உரிமையாளரோடு உடன்பாடு செய்தார்கள். நகராட்சியின் உதவியைப் பெற்றுச் செப்பனிட்டுக் கொள். ஆனால் குடியிருப்பவரை விரட்டாதே, வாடகையை ஏற்றாதே! எல்லாம் நினைத்தபடி நடந்துவிட்டது என்று நான் கூறவில்லை. ஆனால் பழைய தெருவைக் காப்பது பணக்காரரின் பொழுதுபோக்கு அன்று, பாட்டாளியின் வீட்டுரிமைக் கோரிக்கை என்று உலகுக்குக் காட்டிய ஊர் அது.

போலந்துத் தலைநகர் வார்சாவைப் பாருங்கள். 1944ஆம் ஆண்டு மக்கள் கிளர்ச்சிக்குப் பின், நாசிப் படை அந்த நகரைத் திட்டமிட்டுத் தகர்த்தது. பழைய நகரத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. ஏன் கட்டடங்களைத் தேடித் தேடித் தகர்த்தான் பகைவன்? கட்டடம் என்பது கல் மட்டும் அன்று, ஓர் இனத்தின் நினைவு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை! இடிபாடுகளிலிருந்து அந்த மக்கள் பழைய நகரத்தை மீண்டும் எழுப்பினார்கள். எதைக் கொண்டு? பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்களைக் கொண்டு. போருக்கு முன்பு கட்டடக்கலை மாணவர்கள் தெருத் தெருவாக அளந்து வரைந்து வைத்திருந்த படங்களைக் கொண்டு. 1980ஆம் ஆண்டில் அந்த மறுபிறப்பே உலக மரபுச் சின்னமாயிற்று. மாணவர் கையிலிருந்த அளவுகோலும் பென்சிலும் ஒரு தலைநகரை மீட்டுத் தந்தன! இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

தூரத்துக் கதை வேண்டாம் என்பீர்களானால், நமது எதிர்க்கரையைப் பாருங்கள். கோட்டைப்பட்டினத்துக் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம். 1981ஆம் ஆண்டு யாழ் பொது நூலகம் தீக்கிரையானது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பின்னாளில் அதே கட்டடம் மீண்டும் எழுந்தது, நூலகமாகவே எழுந்தது. வெள்ளைச் சுவர் மீண்டது. எரிந்த சுவடி மீளவில்லை. போனது போனதுதான் என்பதற்கு அதைவிட வேறு பாடம் வேண்டுமா?

புதுச்சேரியிலும் ஒரு பாடம் உண்டு. கடற்கரையில் 1870ஆம் ஆண்டில் எழுந்த நகர்மன்றக் கட்டடம், ‘மேரி’ என்று மக்கள் அழைத்தது, பழுது பார்ப்பார் இன்றிக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பிறகு பெரும்பொருள் செலவிட்டு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி, 2021ஆம் ஆண்டில் திறந்தார்கள். ஓட்டை ஓட்டை மாற்றியிருந்தால் போதும். கூரையையே கட்ட நேர்ந்தது! அதே புதுச்சேரியில், தமிழர் வாழும் வைசியாள் வீதியில், தனியார் வீடுகளின் முகப்புகளை மக்களும் அரசும் ஒரு பண்பாட்டு நிறுவனமும் கைகோத்துச் செப்பனிட்டனர். திண்ணையும் தூணும் தாழ்வாரமும் உடைய அந்தத் தெரு 2008ஆம் ஆண்டில் உலகப் பண்பாட்டு அமைப்பின் ஆசியப் பரிசைப் பெற்றது. ஒரே ஊர், அலட்சியத்தின் விலையும் அங்கே தெரிகிறது, அக்கறையின் பயனும் அங்கே தெரிகிறது.

சென்னைச் சேப்பாக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்க்காட்டு நவாபுக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த கலசமகால் 2012 சனவரியில் தீப்பிடித்து எரிந்தது. இனி இடிக்க வேண்டியதுதான் என்றே பலரும் எண்ணினர். பொதுப்பணித் துறை இடிக்கவில்லை. மீண்டும் சுண்ணாம்பு அரைத்தார்கள், பழைய முறை அறிந்த கைகளைத் தேடிப் பிடித்தார்கள், கட்டடத்தை மீட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே குடியேறியது. நவாபின் மாளிகையில் இன்று ஆற்றுக்கும் கடலுக்கும் நீதி கேட்கிறார்கள்! அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு இது சான்று.

சென்னையில் முடிந்தது கோட்டைப்பட்டினத்தில் முடியாதா? முடியும். ஆனால் இங்கே அரசு நினைக்கும் வரை காத்திருந்தால் லாரி முந்திக்கொள்ளும். எனவே தோழர்களே, நமக்குச் சில கடமைகள் இருக்கின்றன.

முதல் கடமை, கணக்கெடுப்பது. ஒவ்வோர் ஊர்க் கிளையிலும் இரண்டு தோழர்கள் போதும். ஒரு குறிப்பேடு, ஓர் அளவுநாடா, ஒரு கைபேசி. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம், சத்திரம், குளத்தின் படித்துறை, ஊர்க் கிணறு, பண்டகசாலை, பழைய வீடு என எல்லாவற்றையும் எழுதுங்கள். நீளம் என்ன, அகலம் என்ன, எதனால் கட்டியது, யார் கட்டியது, இன்று யார் கையில் என்று கேட்டு எழுதுங்கள். படம் எடுங்கள். வார்சாவின் மாணவர்கள் செய்தது இவ்வளவுதான். எழுதி வைத்திராத ஊர், இடிந்த மறுநாளே மறந்துபோகும் ஊர்.

இரண்டாவது கடமை, கிராம சபை. ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சாலையையும் குடிநீரையும் பேசுங்கள், அதுவே முதன்மை. அதோடு இதையும் பேசுங்கள். ஊருக்குப் பொதுவான பழைய கட்டடம் எதையும் இடிக்கும் முன் கிராம சபையில் வைக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். ‘பழுதுபார்க்க எவ்வளவு, இடித்துக் கட்ட எவ்வளவு?’ என்று இரண்டு மதிப்பீடும் கேளுங்கள். ஒரே மதிப்பீட்டோடு வருகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒப்பந்தக்காரருக்கு இடிப்பதிலும் இலாபம், கட்டுவதிலும் இலாபம்!

மூன்றாவது கடமை, பயன் கண்டுபிடிப்பது. பூட்டிக் கிடக்கும் வீடு புதுப்பிக்கப்பட்டாலும் அழியும். ஆள் நடமாடும் வீடு பழுதானாலும் பிழைக்கும். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரிடம் பேசுங்கள். பகைமையோடு அல்ல, உறவோடு பேசுங்கள். அது அவர் தாய் விளக்கேற்றிய வீடு. விற்க அவருக்கும் மனம் வந்திருக்காது, வழி தெரியாமல் விற்கிறார். ‘பத்து ஆண்டுக்கு எங்களிடம் விடுங்கள், கூரையைச் செப்பனிட்டு, மாலைப் பள்ளி நடத்துகிறோம், வாசகசாலை வைக்கிறோம், மீனவர் கூட்டுறவுக்கு அலுவலகம் தாருங்கள், மகளிர் குழு கருவாடும் பனைப்பொருளும் விற்க இடம் தாருங்கள்’ என்று எழுத்து மூலமாக உடன்பாடு கேளுங்கள். போலோஞா கண்ட வழி அதுதான்.

நான்காவது கடமை, கொத்தனார். அந்தத் திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் போனால் அவர் கையிலிருக்கும் பள்ளிக்கூடமும் போகும். காரைச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசி மூடினால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். செப்பனிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு சுவரைக் கொல்வோம். இதெல்லாம் அந்த முதியவருக்குத் தெரியும். நமது இளைஞர்கள் அவரிடம் கற்க வேண்டும். கற்றவருக்கு நல்ல கூலி கிடைக்க வேண்டும். பொதுப்பணியின் விலைப்பட்டியலில் சுண்ணாம்பு வேலைக்கு உரிய கூலி இடம்பெற வேண்டும், பழைய வீட்டைச் செப்பனிடும் எளியவருக்குக் குறைந்த வட்டியில் கடனும் வீட்டுவரிச் சலுகையும் தர வேண்டும் என்று அரசிடம் கேட்போம். கல்லுக்காக மட்டும் கேட்கவில்லை. கல்லை அடுக்கும் கைக்காகவும் கேட்கிறோம்!

‘வயிற்றுக்கே வழியில்லை, வீட்டுக்கு என்ன மரபு?’ என்று யாராவது கேட்டால், சினம் கொள்ளாதீர்கள். விளக்குங்கள். ஓட்டை மாற்றுவதற்கு ஆகும் செலவில் பெரும்பங்கு உள்ளூர்க் கைகளுக்குக் கூலியாகிறது. புதிதாகக் கட்டும் கட்டடத்தின் செலவிலோ பெரும்பங்கு சிமெண்டாகவும் கம்பியாகவும் ஊரைவிட்டு வெளியேறுகிறது. எது ஏழைக்குச் சோறு போடும் வழி? கணக்கு அறிந்தவர்கள் நீங்களே சொல்லுங்கள்.

அன்று மாலை அந்த வீட்டின் கதவும் லாரியில் ஏறிவிட்டது. அதை நிறுத்த எங்களால் முடியவில்லை. விற்றவருக்கு உரிமை இருந்தது. வாங்கியவரிடம் பணம் இருந்தது. எங்களிடம் கையில் ஒரு பட்டியல்கூட இல்லை! லாரி கிளம்பிய பிறகு, இளம் தோழர் கொத்தனாரின் பக்கத்தில் போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். “பெரியவரே, இந்தத் தெருவில் இப்படி இன்னும் எத்தனை வீடு இருக்கிறது?” என்று கேட்டார். முதியவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். தோழர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

தோழர்களே, அரண்மனையின் வாயிலைத் திறந்தவர்கள் மக்கள். அந்த மக்களின் தெருவிலே திண்ணைகள் ஒவ்வொன்றாக லாரி ஏறிப் போகின்றன. பார்த்துக்கொண்டு நிற்கவா நாம் இருக்கிறோம்? அடுத்த கிராம சபை நாள் வருவதற்குள் உங்கள் ஊரின் பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும். எண்ணுங்கள்! எழுதுங்கள்! பேசுங்கள்! செப்பனிடுங்கள்! திண்ணை நிற்கட்டும், அதில் எல்லோரும் உட்காரட்டும்!